மலை வளைவில் அண்ணன் வண்டியை நிறுத்திய நாள்

அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அண்ணி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சேந்தமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. கிணறு வற்றியதும் நாமக்கல் போய் லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது, அக்காவின் கல்யாணம் நடந்தது. பிறகு டிரைவரானார். எழுபதுகளின் கடைசியில் அண்ணியின் தம்பியோடு கூட்டுச் சேர்ந்து பழைய பிக்கப் வேன் ஒன்றை வாங்கினார்.

அந்த வண்டியை முன்பு வைத்திருந்தவர் பாரம் தாங்குவதற்காகப் பின்பக்கம் கூடுதல் கமான் பட்டைகள், அதாவது ஸ்பிரிங் பட்டைகள், போட்டு உயர்த்தியிருந்தார். காலி வண்டி தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். டீக்கடையில், "ஏனுங்க, உங்க வண்டி யாரைப் பாத்தாலும் கும்புடுதுங்களே" என்பார்கள். அண்ணியின் தம்பிக்கு அது பொறுக்கவில்லை. பட்டறையில் விட்டு முன்பக்கமும் பட்டை சேர்த்து உயர்த்தினார். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து வைத்துப் பார்த்தோம். குமிழி நடுவில் நின்றது. காலி வண்டிக்கு மட்டம் பார்க்கிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வாரமே கொல்லிமலைக்குச் சிமெண்ட் ஏற்றினோம். மூட்டைகள் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. சந்தையிலிருந்து திரும்பிய மலைப் பெண்கள் குழந்தைகளோடு மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். ஸ்டியரிங் லேசாக இருக்கிறதே என்று அண்ணன் கிளம்பும்போதே சொன்னார். புதுப் பட்டை, ஓட ஓடப் படிந்துவிடும் என்றார் அண்ணியின் தம்பி.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அண்ணன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தும் வண்டி திரும்பவில்லை. முன் சக்கரங்கள் தரையில் பிடிக்காமல் வண்டி நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போயிற்று. ஓரத்துக் கல்லுக்கு அருகே பிரேக் பிடித்து நிறுத்தினார். நான் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கீழே மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

"எனக்குப் பயமா இருக்குது. எல்லாத்தையும் எறக்கி உடு" என்றார் அண்ணன்.

"இத்தன வருசம் லாரி ஓட்டுன ஆளு, இதுக்கா மச்சான்?" என்று சிரித்தார் அண்ணியின் தம்பி.

"சிரிக்கறதுன்னா எறங்கி நின்னு சிரி, மாப்ளே."

பெண்கள் உடனே இறங்கினார்கள். குழந்தைகளைக் கைமாற்றிக் கீழே விட்டோம். பிறகு மூட்டைகளை இறக்கினோம். கை பிரேக்கை நம்ப முடியாது என்று அண்ணன் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூட்டை விழும்போதும் வண்டி அதிர்ந்தது. அது பின்னால் உருண்டால் நான்தான் அடியில் இருப்பேன். அவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சாமி, வண்டிக்குப் பொறத்தாண்ட நிக்காத. மலையோரமா வந்து நில்லு. வண்டி போனாப் போவுது."

பாதி மூட்டை இறங்கியதும் மூக்கு தாழ்ந்தது. நான் ஓரமாக நின்று கல்லை விலக்கினேன். அண்ணன் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, மெதுவாக வளைவைத் திருப்பிச் சமதளத்தில் நிறுத்தினார். கீழே இறங்கினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பாரம் ஏற்றி வைத்து மட்டம் பார்த்து, முன்பக்கம் சேர்த்த பட்டைகளைக் கழற்றச் சொன்னார். டீக்கடைக் கேலி மறுபடி தொடங்கியது. அவர் சிரித்துக்கொண்டார். அதன் பிறகு எத்தனையோ முறை அதே மலை ஏறினார். அவர் வண்டியில் வந்த யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

சென்ற ஆண்டு நெஞ்சு வலி வந்து சேலத்தில் சேர்த்தோம். அங்கே கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், இரவு பகல் பாராமல் கூடவே இருந்த அண்ணியின் தம்பிக்கும், கடைசி வரை தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. அந்த மலைப் பெண்களின் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. டிரைவரே பயப்படுகிறாரே என்று ஒருவரும் ஏளனம் செய்யவில்லை. இறங்கச் சொன்னதும் இறங்கினார்கள். முரண்டு பிடித்திருந்தால் அண்ணனும் வெட்கப்பட்டு அப்படியே ஓட்டிப் பார்த்திருப்பாரோ என்னவோ. அதற்குப் பிறகு அண்ணன் எங்களோடு வாழ்ந்த ஆண்டுகள் அவர்களும் சேர்ந்து கொடுத்தவை.