சாப்பாட்டு நேரத்துச் சாக்ஸபோன்

ரொட்டி மாவைக் கல்லில் அறையும் சத்தத்துக்கு நடுவே அது வந்தது. ஜெலுத்தோங் பாசாருக்கு எதிரே நான் தினமும் தேநீர் குடிக்கும் கடை. கூரை மூலையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு ஸ்பீக்கர். அதிலிருந்து ஒரு சாக்ஸபோன், வரிகளை உரித்துப் போட்டுவிட்டு மெட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தது. பழைய காதல் பாட்டு. கடையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் வலது கை மட்டும் தானாக மேசைமேல் நகர்ந்து, அங்கே இல்லாத ஒரு விசையைத் தேடியது. ஒலியைச் சட்டென்று இறக்குகிற விசை.

"என்னண்ணே, தேத்தண்ணி ஆறிப்போச்சே," என்றார் கடைக்காரர்.

"ஆறட்டும் லா," என்றேன்.

வாரநாட்களில் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பேன். சனி, ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளுக்கு டிஜே. மண்டபத்தில் நிற்பது நாலு மணி நேரம். அதற்காக வீட்டில் உட்கார்வது எத்தனையோ மாலைகள். பாட்டுகளைச் சேர்ப்பதுதான் வேலை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். சேர்க்க யாராலும் முடியும். கேட்கத்தான் ஆள் வேண்டும். ஒவ்வொன்றையும் ஹெட்போனில், தொடக்கத்திலிருந்து கடைசி வரை கேட்பேன். ஆரம்பத்தில் இரண்டு விநாடி மௌனம் இருந்தால் வெட்டிவிடுவேன். ஆட எழுந்த ஒருவர் வெட்கப்பட்டு மறுபடி உட்கார அந்த இரண்டு விநாடி போதும். கேசட்டிலிருந்து எடுத்தவை போர்வைக்குள்ளிருந்து பேசும், நேற்று இறங்கியவை காதைப் பிய்க்கும். இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய பாட்டுகளில் தபேலா வாசித்தவர் மனுஷர். உற்சாகம் வந்தால் கொஞ்சம் ஓடுவார், களைத்தால் நடப்பார். கணினி அதைப் பிழை என்று கோடு போட்டுக் காட்டும். பிழை இல்லை, போடா என்று நான் அந்தக் கோட்டை நகர்த்தி வைப்பேன். இப்படியே என் நாற்பதுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

என் ஃபோல்டர்களுக்கு நான் வைத்த பெயர்கள் வேறு யாருக்கும் புரியாது. மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் வரும்போது போடுவது 'நடந்து வர'. ஆட வைப்பது 'எழுப்ப'. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பெரியவர்கள் மேடைக்கு முன்னால் வந்துவிடும் பாட்டுகள் 'மாமாக்கள்'. கடைசியாக 'சோறு'. புல்லாங்குழல், வீணை, சாக்ஸபோன், குரலே இல்லாதவை. கரண்டிச் சத்தத்துக்கு அடியில் விரிக்கிற பாய். அதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

கடையில் கேட்ட அந்த மெட்டை நான் மறக்க முடியாதபடி செய்த அக்கா, முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சுங்கை பாக்காப்பிலிருந்து கடல் பாலம் கடந்து என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாண விருந்து, செபராங் ஜெயாவில் ஒரு மண்டபத்தில். என் மனைவி வைத்த காப்பியைத் தொடாமல், கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். பன்னிரண்டு பாட்டுகள்.

"இதெல்லாம் போட்டுடறேன் அக்கா," என்றேன்.

"போடக் கூடாது. அதுக்குத்தான் எழுதிட்டு வந்தேன்."

மறுபடி பார்த்தேன். எல்லாமே 'மாமாக்கள்' ஃபோல்டரின் ராஜாக்கள். முதல் பாட்டுக்குக் கீழே இரண்டு கோடு.

"அக்கா, இதப் போடலன்னா மாமாங்க எல்லாம் என்னத் திட்டியே கொன்னுடுவாங்க லா."

"திட்டட்டுமே. நான் ஒரு மாமாகிட்ட பத்து வருஷம் திட்டு வாங்கியிருக்கேன். உயிரோடதானே இருக்கேன்."

பிறகுதான் சொன்னார். அவருடைய கணவர் நன்றாகப் பாடுவாராம். எந்த வீட்டு விருந்தானாலும் மைக் அவர் கையில் இருக்கும். இந்தப் பன்னிரண்டும் அவர் பாடுகிறவை. கோடு போட்டது அவருடைய பாட்டு என்றே ஊருக்குள் பேர். மகள் நாலாம் வகுப்பில் இருந்தபோது வீட்டை விட்டுப் போனவர், இப்போது தெற்கே வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார்.

"நான் ரெண்டு ஷிப்ட் பார்த்து வளர்த்த பொண்ணு தம்பி. அந்தப் பாட்டு கேட்டுச்சுன்னா இருநூறு பேரும் மொத வாசலப் பார்ப்பாங்க. அப்புறம் என்னப் பார்ப்பாங்க, ஐயோ பாவம்னு. அந்தப் பார்வை எனக்கு வேணாம். ஒரு நாள்தானே? அவரு இல்லாத நாளா இருக்கட்டும்."

காப்பி ஆடை கட்டியிருந்தது. அப்படியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

நான் என் வேலையைச் செய்தேன். பெருமையாகவே செய்தேன். பன்னிரண்டுக்கும் சிவப்பு அடையாளம். அவற்றின் புதிய தாளக்கட்டு வடிவங்கள், கல்லூரிப் பையன்கள் செய்த கலவைகள், இருபது பாட்டைக் கோத்த மாலைக்குள் இரண்டு வரி மட்டும் வந்துபோகிறவை, எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு வெளியே எடுத்தேன். 'சோறு' ஃபோல்டரை மட்டும் திறக்கவில்லை. அதில் குரலே இல்லையே. பாடுகிறவர் இல்லாத இடத்தில் அவர் எப்படி வருவார்?

விருந்தன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வந்தார்கள். அக்கா மயில்பச்சைச் சேலையில் மேசை மேசையாகப் போய் உபசரித்தார், உட்காரவே இல்லை. சோறு வந்தது. நான் 'சோறு' ஃபோல்டரைத் தானாக ஓடவிட்டு, எனக்கென்று வைத்த தட்டைக் கையில் எடுத்தேன்.

மூன்றாவது மெட்டு, சாக்ஸபோன். அக்கா இரண்டு கோடு போட்ட பாட்டு என்று இரண்டாம் வரி வரும்வரை எனக்கு உறைக்கவில்லை. ஆட்டிறைச்சித் துண்டு வாயில் அப்படியே நின்றது.

பக்கத்து மேசையில் ஒரு மாமாவின் கரண்டி நின்றது. "டேய், இது நம்ம ஆளு பாட்டுல்ல?"

"ஆமா லா! இந்நேரம் இருந்திருந்தா மைக்கப் பிடுங்கியிருப்பான்," என்றார் எதிரே இருந்தவர்.

முதலாமவர் முனக ஆரம்பித்தார். இரண்டு தலைகள் வாசல் பக்கம் திரும்பின. நான் தட்டை வைத்துவிட்டு விசைக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"கையை எடுங்க."

அக்கா என் பக்கத்தில் நின்றார். அத்தனை மேசைகளைக் கடந்து எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"அக்கா, தப்பாயிடுச்சு, மன்னிச்சிடுங்க. இப்பவே நிறுத்திடறேன்."

"நிறுத்தினீங்கன்னா எல்லாரும் தலையத் தூக்குவாங்க. இப்ப நாலு பேருக்குத்தான் தெரியும்."

அது என் தொழில் பாடம். இத்தனை வருடம் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு மறந்து, அவருக்கு ஞாபகம் இருந்தது.

"இன்னும் எவ்ளோ இருக்கு?"

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்."

மண்டபத்துக்கு முதுகைக் காட்டி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தார். பார்க்கிறவர்களுக்கு, ஏதோ பாட்டு கேட்டு வாங்க வந்தவர் போலத்தான் தெரிந்திருக்கும்.

"இதென்ன, மலை மலையா போவுது?"

"பாட்டோட உருவம் அக்கா. சத்தம் கூடுற எடத்துல உயரும், கொறையுற எடத்துல எறங்கும்."

மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. பின்னால் மாமாவின் முனகல் உயர்ந்தது, சரணத்துக்குப் போனது. அக்கா திடீரென்று திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இப்ப ஒரு எடம் வரும். அவரு மூச்சே விடாம இழுப்பாரு. அதுக்குத்தான் கை தட்டுவாங்க."

அந்த இடம் வந்தது. சாக்ஸபோன்காரர் பாதியில் நிறுத்தி, மூச்சு எடுத்துக்கொண்டு, மீதியை வாசித்தார். திரையில் இரண்டு மலைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது.

"அட, இவரு மூச்சு வாங்கிட்டாரு," என்றார் அக்கா. பிடித்திருந்த விளிம்பை விட்டார்.

பின்னால் முனகியவரும் அதே இடத்தில் மெட்டில் தடுக்கினார். சாக்ஸபோன் நின்றதும், கூடவே இழுத்துக்கொண்டு போனவர் தனியே மாட்டிக்கொண்டு இருமினார். அவர் மேசையே சிரித்தது. பாயசம் வந்தது. வாசலைப் பார்த்த தலைகள் கிண்ணத்துக்குத் திரும்பின.

"இப்ப நான் நடந்து போறதுக்கு ஒன்னு போடுங்க," என்றார் அக்கா.

'நடந்து வர' ஃபோல்டரைத் திறந்தேன். மணப்பெண்களுக்கு மட்டும் என்று வைத்திருந்ததில் ஒன்றைப் போட்டேன். அவர் அவசரப்படாமல் மேசைகளுக்கு நடுவே நடந்துபோய், மகளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு முதல் முறையாகச் சோற்றில் கை வைத்தார்.

அதற்கப்புறம் 'சோறு' ஃபோல்டரை முழுக்கக் கேட்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. யாரும் கேட்பதில்லை என்று நான் ஒதுக்கிய அத்தனைக்குள்ளும் யாரோ ஒருவருடைய வீடு இருந்திருக்கலாம். எது யாருடையது என்று எனக்குத் தெரியப் போவதில்லை. ஆனாலும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன், ஒவ்வொன்றிலும் மூச்சு வாங்கும் இடம் எது என்று.

அன்று விருந்து முடிந்து ஸ்பீக்கர்களை என் காடியின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு பொட்டலத்தோடு அக்கா வந்தார்.

"ஒழுங்கா சாப்பிடலல்ல நீங்க? வீட்டுக்கும் சேர்த்து கட்டியிருக்கேன்."

வாங்கிக்கொண்டேன். "வீட்டுக்குப் போன உடனே அதை அழிச்சிடறேன் அக்கா," என்றேன்.

அவர் குனிந்து செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டார்.

"அழிக்காதீங்க தம்பி. அந்த சாக்ஸபோன் ஆளு மூச்சு வாங்கி வாங்கித்தான் வாசிச்சாரு, நல்லாத்தான் இருந்துச்சு. என் முன்னால மட்டும் போட்டுடாதீங்க லா."