மல்லாட்டை மூட்டைக்கு எதிர்த்தட்டில்

கூட்டேரிப்பட்டு லூர்துநாதனைத் தரையில் மட்டும் பார்த்தவர்கள், அவர் மரமேறிக் கிளை கழிக்கிற ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். சமதரையில் அவருக்குச் சரியாக நடக்க வராது. வீட்டு வாசற்படி தினமும் தடுக்கும். அதுவும் வீடு கட்டிய நாளிலிருந்து அதே இடத்தில் இருக்கிற வாசற்படி. சைக்கிள்காரன் பெல் அடித்தால், ஒதுங்குகிறேன் பேர்வழி என்று சைக்கிளுக்கு நேராகப் போய் நிற்பார். அவரைத் திண்டிவனம் சந்தைக்குக் கூட்டிப் போய் முழுசாகத் திரும்பக் கொண்டுவருவது அவர் மனைவி அமலோற்பவமேரிக்குக் கன்றுக்குட்டியை ஓட்டிப் போவதைவிடப் பெரிய வேலை.

புளியமரத்தடியில் போய் நின்றால் அதே மனிதர் வேறு ஆள். முந்தின நாளே கால் நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். காலையில் வெறும் நீராகாரம்தான். நிறைந்த வயிறு மரத்துக்கும் ஆளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. மெல்லிய கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிக் கவைக்கு மேலே எறிவார். அது மறுபக்கம் இறங்கியதும் அதிலேயே தும்புக்கயிற்றை முடிந்து இழுத்துக்கொள்வார். இடுப்பில் ஒரு சுற்று, முதுகுப்பக்கம் செருகிய அரிவாள், அவ்வளவுதான் சாமான். இரண்டு கை, இரண்டு கால், நாலில் மூன்று எப்போதும் மரத்தைப் பிடித்திருக்கும், ஒன்றுதான் நகரும். ஒரு கிளையில் பாரம் வைக்குமுன் அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பார். சத்தம் திடமாக வந்தால் கால் வைப்பார், பொத்தென்று வந்தால் அந்தப் பக்கமே போக மாட்டார்.

கீழே கயிறு பிடிக்கிறவர் பச்சைமுத்து. வெட்டின கிளை கூரை மேலோ மாட்டு மேலோ விழாமல் கயிற்றில் தொங்கவிட்டு மெதுவாக இறக்குவது அவர் பொறுப்பு. கை இரும்பு, ஆனால் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற ஆசாமி. இவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏறுகிறவரின் கால் தரையை விட்டுவிட்டால் கீழே இருப்பவர்கள் அவரிடம் வாய் திறக்கக் கூடாது. கூப்பிடக் கூடாது, பார்த்துப் போ என்று சொல்லக் கூடாது, இருமல் வந்தால்கூடத் தள்ளிப் போய் இருமிவிட்டு வர வேண்டும். கூப்பிட்டால் குனிந்து பார்ப்பார், குனிந்து பார்த்தால் கால் தன் வேலையை மறந்துவிடும். அந்தப் பக்கத்து மரக்காரர்கள் எல்லோருக்கும் இது வேதவாக்கு.

இவ்வளவு ஒழுங்காக இருந்தும் வானூர்ப் பக்கம் ஒரு வேப்பமரத்திலிருந்து லூர்துநாதன் விழுந்தார். நல்ல வேளை, கீழே வைக்கோல் போர் இருந்தது. அதற்குள் இடுப்புவரை புதைந்து நின்றுகொண்டு பீடி இருக்கிறதா என்று கேட்டாராம். அமலோற்பவத்துக்கு இது மீன்காரி சவுரியம்மாள் மூலமாகத்தான் தெரிந்தது. சவுரியம்மாள் வாயில் வேப்பமரம் பனை உயரத்துக்கு வளர்ந்திருந்தது, வைக்கோல் போர் ஒரு கட்டாகச் சுருங்கியிருந்தது. அமலோற்பவம் வாங்கின மீனை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அவர் முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவும் மரத்தால் வந்த காயம் இல்லை, வீட்டுக்குள் நுழையும்போது வாசற்படி தடுக்கியதில் வந்தது.

அன்றைக்கு அவள் அழுதாள், கெஞ்சினாள், இனிமேல் ஏறுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் சொல்லச் சொன்னாள்.

"மரம் என்னைத் தள்ளலே. நான்தான் கொஞ்சம் ஜல்தியா எறங்கிட்டேன்" என்றார் அவர்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் அவர் வேலைக்குப் போகிற நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. ரோட்டில் லாரி டயர் வெடித்தாலும் அவர்தான் விழுந்துவிட்டார் என்று நெஞ்சு நின்றுவிடும். அவர் பத்திரமாக வந்து வாசற்படி தடுக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வரும். புருஷன் உயிரோடு இருக்கும்போதே தினம் தினம் துக்கம் கொண்டாடுகிற பிழைப்பாகப் போய்விட்டது அவளுக்கு.

இதற்கு ஒரு வழியைக் காட்டியது துரைக்கண்ணு மண்டியின் தராசு. துரைக்கண்ணு திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தவர். புளியந்தோப்பும் இருந்ததால் லூர்துநாதனுக்கு முக்கால்வாசி வேலை அவரிடம்தான். லூர்துநாதனுக்கு முன்னால் அங்கே கிளை கழித்த சவுரிராயன் நல்ல தாட்டியான ஆள். ஒருநாள் கிளையும் தானுமாக இறங்கி, முதலாளியின் மாட்டுக்கொட்டகைக் கூரையைப் பிளந்துகொண்டு தீவனத் தொட்டியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கு ஒன்றுமில்லை, பசுதான் ரொம்ப நாள் பால் கொடுக்கவில்லை. அதிலிருந்து துரைக்கண்ணு ஒரு சட்டம் போட்டார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் லூர்துநாதன் அரிவாளைத் தொடுவதில்லை என்பதால், ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை வேலை தொடங்கும். அன்றைக்கு மரமேறுகிறவர் மண்டித் தராசில் உட்கார வேண்டும். எதிர்த்தட்டில் மல்லாட்டைப் பயறு மூட்டை. மூட்டை இறங்கி நின்றால் அவர் ஏறலாம். ஆள் இறங்கினால் அந்த வருஷம் அவர் கயிறு பிடிக்க வேண்டும், கயிறு பிடிக்கிறவர் ஏற வேண்டும்.

புருஷன் காலைக் கட்ட முடியாது, வயிற்றை நிரப்பலாம் என்று அமலோற்பவத்துக்குத் தோன்றிய வருஷத்தில்தான், மண்டிகளில் மணங்கும் வீசையும் போய்க் கிலோ வந்திருந்தது. பழைய இரும்பு எடைக்கற்கள் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் கழிந்த மறுநாளே அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். மாமிசம் கூடாது என்றுதான் கோயிலில் சொல்லியிருந்தார்கள், மல்லாட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் வெல்லம் போட்ட கேப்பை அடை, அதன் தலையில் நெய். மத்தியானம் மல்லாட்டைத் துவையல், சாயங்காலம் மல்லாட்டை உருண்டை. இடையில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் மடியில் ஒரு முறம் வறுத்த மல்லாட்டை. ஊரெல்லாம் தவக்காலத்தில் மெலிய, லூர்துநாதன் மட்டும் பூசினாற்போல் ஆனார். சட்டைப் பொத்தான்கள் கீழிருந்து ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன.

அவரும் சும்மா இருக்கவில்லை. தொந்தியைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றார். விடிந்ததும் மயிலத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் மலைப்படி ஏறி இறங்க ஆரம்பித்தார். இதைக் கேட்டு அமலோற்பவத்துக்குப் பகீரென்றது, போட்ட நெய்யெல்லாம் வேர்வையாகப் போகிறதே என்று வயிறெரிந்தாள். உபதேசியார் பாக்கியசாமிக்கு வேறு கவலை. தவக்காலமும் அதுவுமாக முருகர் மலைக்கு என்ன போக்குவரத்து என்று வீட்டுக்கே வந்து விசாரித்தார். சாமிக்காகப் போகவில்லை, படிக்காகப் போகிறேன் என்று லூர்துநாதன் சொன்ன பதிலை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிப் போனார்.

மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்த கிருஷ்ணவேணிக்கோ, ஆள் ஏதோ கடுமையான வேண்டுதலில் இருக்கிறார் என்று தோன்றிவிட்டது. தினமும் அவருக்கென்று ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் வாங்கி வைத்தாள். சந்தையில் அமலோற்பவத்தைப் பார்த்தபோது, உன் வீட்டுக்காரர் மாதிரி பக்தி யாருக்கும் வராது, இன்னொரு தொன்னை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார் என்று மெச்சினாள். அமலோற்பவத்துக்குத் தலைகால் புரியவில்லை. மாதாவும் முருகரும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்ட பிறகு தராசு என்ன செய்துவிடும் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

ஈஸ்டர் அன்றைக்கு ஆட்டுக்கறி. மறுநாள் காலையில் நீராகாரம் கேட்டவருக்கு மிச்சக் கறியும் இட்லியும் வைத்தாள், அவரும் மறுப்புச் சொல்லாமல் சாப்பிட்டார். எப்போதும் மரத்தடிக்கு வராதவள் அன்றைக்குத் தூக்குவாளியோடு கூடவே மண்டிக்குக் கிளம்பினாள். அவர் தோற்பதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று இருந்தாள்.

மண்டியில் துரைக்கண்ணு நெற்றி நிறையத் திருநீறோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பச்சைமுத்து விடியற்காலையிலேயே வந்து மூட்டையைத் தராசில் ஏற்றி வைத்திருந்தார், அதை இழுத்து முடித்த களைப்பில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. லூர்துநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயிற்றை எக்கக்கூடச் செய்யாமல், தட்டில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சங்கிலி கிறீச்சிட்டது. அமலோற்பவம் மனசுக்குள் மாதாவுக்கு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூலிக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

மூட்டை அசையவில்லை. லூர்துநாதன்தான் தட்டோடு மேலேயே தொங்கினார்.

அவளால் நம்ப முடியவில்லை. அத்தனை மல்லாட்டையும் எங்கே போயிற்று? லூர்துநாதனும் தட்டில் உட்கார்ந்தபடி மூட்டையை வெறித்துப் பார்த்தார், அவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. துரைக்கண்ணு ரொம்பத் திருப்தியாக, மண்டிக் கிடங்கின் ஓட்டுக் கூரை மேல் சாய்ந்திருந்த பெரிய புளியமரத்தைக் காட்டி, அதிலேயே தொடங்கச் சொன்னார். லூர்துநாதன் கயிற்றை எறிந்தார், அன்றைக்கு மட்டும் கல் ரெண்டு தரம் தவறிப் போனது. பிறகு ஏறினார். கால் தரையை விட்டது, கீழே எல்லோர் வாயும் மூடியது.

முதல் கவையில் உட்கார்ந்து அடுத்த கிளையை அரிவாளால் தட்டினார். கேட்டார். மறுபடி தட்டினார். அதே கிளையை, அதே இடத்தில், தட்டிக்கொண்டே இருந்தார். என்ன நிதானம் பார் என்று துரைக்கண்ணு பக்கத்து ஆளிடம் சைகையால் காட்டினார்.

அப்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பச்சைமுத்து அமலோற்பவத்தின் காதோரம் கிசுகிசுத்தார்.

"அண்ணி, ஒரு தப்பு பண்ணிட்டேன். மூட்டைக்குள்ள பழைய மணங்குக் கல்லு ரெண்டு போட்டுட்டேன். அண்ணாத்தே தொந்தியைப் பாத்ததிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லே. அவரு தோத்தா நான்ல ஏறணும்?"

மேலே இருப்பவர் மூட்டையைவிடக் கனமான ஆள். அந்தக் கனத்தை ஏற்றி வைத்தது அவள். அவர் கால் வைக்கப் போகிற கிளையோ ஒல்லி, சவுரிராயனைப் போலக் கிளையோடு இறங்கிவிடுவார். காப்பாற்றுகிறேன் என்று தானே கொலை செய்யப் பார்க்கிறோமே என்று பதறினாள். வாயைத் திறந்தால் குனிந்து பார்ப்பார், கால் மறந்துபோகும். திறக்காவிட்டால் அந்தக் கிளையில் கால் வைப்பார். லூர்துநாதன் ஒரு வழியாகத் தட்டுவதை நிறுத்தி, கிளையை நோக்கி ஒரு காலை நீட்டினார்.

"ஏங்க" என்றாள்.

மூட்டை தூக்கிய ஒரு கூலிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அவள் நிறுத்தவில்லை.

"அந்த மூட்டையிலே இரும்பு இருக்குது. உங்க வவுத்துலே என் கைவேலை இருக்குது. ரெண்டுமே ஏமாத்து. எனக்கு நீங்க வேணும், எறங்கி வாங்க."

அவர் குனிந்து பார்த்தார். கால் எதையும் மறக்கவில்லை. நீட்டிய கால் ஒழுங்காகத் திரும்பி வந்தது, பின்னாலேயே ஆளும் வந்தார். ஏறுவதற்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்துவார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் மரத்து வேரில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இன்னாமே, இவ்ளோ நேரமா உனக்கு?" என்றார். "யாராச்சும் எறங்குன்னு சொல்ல மாட்டாங்களான்னு அங்கியே தட்டிக்கினு குந்தியிருந்தேன்."

பிறகு எல்லாம் வந்தது. வானூரில் விழுந்த நாளிலிருந்து மேலே போனாலே கால் நடுங்குகிறதாம். பயமாயிருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை, தராசே சொல்லிவிடட்டும் என்று விட்டுவிட்டார். அவள் உருண்டை பிடிப்பது எதற்கென்று அவருக்கு முதல் வாரமே தெரியும். அதனால்தான் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றார். ஊர் பார்க்கப் படி ஏறினார், ஊர் பார்க்காதபோது பொங்கல் தின்றார். இவ்வளவு பாடுபட்டு வந்து உட்கார்ந்தால் பாழாய்ப்போன தராசு ஏறு என்று சொல்லிவிட்டது, பேஜாராகப் போய்விட்டது என்றார். பச்சைமுத்து கயிற்றைக் கீழே போட்டுவிட்டு விசும்பினார்.

துரைக்கண்ணு மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். தன் மண்டிக் கற்களே உள்ளேயிருந்து வெளியே வருவதைப் பார்த்தார். மூன்று பேரில் யாரைத் திட்டுவதென்று புரியாமல் தராசைத் திட்டினார். மரமேற மண்டகப்பட்டிலிருந்து கண்ணையன் என்ற ஒல்லி மனிதரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். இனிமேல் ஏற இஷ்டமா என்று முதலில் வாயால் கேட்டுவிட்டுத்தான் தராசு என்று சட்டத்தையும் திருத்தினார். லூர்துநாதன் அன்றிலிருந்து பச்சைமுத்துவோடு கீழே நின்று கயிறு பிடித்தார். ஏறுவதைவிட வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். தூக்குவாளியில் மிச்சமிருந்த மல்லாட்டை உருண்டையை அவர் கேட்டார், அவளும் கொடுத்தாள். அதைக் கடித்துக்கொண்டே போனவர், ஒரு கல்லும் இல்லாத சமமான இடத்தில் தடுக்கிக் குப்புற விழுந்தார். ரோட்டில் போனவர்கள் ஐயோ என்றார்கள். அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. இந்த உயரத்திலிருந்து அவர் எத்தனை தடவை விழுந்தாலும் கை கொடுத்துத் தூக்கிவிட அவளால் முடியும்.