எதிர்ப்பக்கத்துக் குரல்

படுத்த படுக்கையாகக் கிடப்பவரை ஒரு ஆள் தனியாகப் புரட்டக் கூடாது. எங்கள் முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். நோயாளியின் அடியில் விரித்திருக்கும் துணியை இருவரும் சுருட்டிப் பிடிக்க வேண்டும். ஒருத்தி தள்ளுவாள், மற்றவள் தாங்குவாள். தள்ளுகிறவள் "பிடி" என்பாள். உடம்பின் கனம் தன் கைக்கு வந்து சேர்ந்த பிறகு தாங்குகிறவள் "பிடிச்சாச்சு" என்பாள். அந்தச் சொல் காதில் விழாமல் முதல் ஆள் கையை எடுக்கக் கூடாது. கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கண் அப்போது நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். வலிக்கிறதா என்று முகம்தான் சொல்லும். எதிர்ப்பக்கத்தைக் காது பார்த்துக்கொள்ளும்.

நெட்டை என்று நாங்கள் கூப்பிட்டவள் இதைக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது. கட்டட வேலையிலிருந்து வந்தவள். லாரி ஓட்டிய புருஷன் ஒரு நாள் லாரியோடு போனவன்தான், லாரி மட்டும் திரும்பி வந்தது. மகளைச் செங்கல் சுமந்து வளர்த்தாள். இல்லத்துக்கு வந்த முதல் நாளே ஒரு கிழவரைத் தனியாக வாரித் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்கு நடந்தாள்.

"இவர் என்ன சிமெண்ட் மூட்டையா?" என்று கத்தினேன்.

"இல்ல சிஸ்டர். மூட்டை இவ்வளவு திட்டாது" என்றாள்.

அவளுக்கு ஜோடியாக, குட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட இன்னொருத்தியைப் போட்டேன். குட்டை அவள் தோளுக்குக்கூட வர மாட்டாள். எதிர்ப்பக்கம் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் தாங்குவாள். கட்டில் கட்டிலாக அந்தப் பலகையைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போவாள். இருவரும் வாய் மூடி வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"மேல காத்து எப்படிடி இருக்கு?"

"சுத்தமா இருக்கு. கீழ உனக்கு?"

"பினாயில் வாசனைதான்."

படுத்திருக்கும் கிழவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கும் உடம்பைப் புரட்டுவது சுலபம். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த தபால்காரருக்கு மட்டும் சிரிக்க முடியாது. பக்கவாதம் அவருடைய பேச்சையும் ஒரு பக்கத்தையும் கொண்டுபோயிருந்தது. நல்ல கண்ணைச் சுருக்குவார். அதுதான் அவர் சிரிப்பு.

பிறகு செலவுக் குறைப்பு வந்தது. முதலில் சாயங்கால பிஸ்கட் போனது. அப்புறம் நடைபாதையில் பாதி விளக்குகள். அப்புறம் கை கால் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பெண். கடைசியில் ஒரு வார்டுக்கு ஒரு ஆள் போதும் என்றார்கள். வேலையில் பின்னால் சேர்ந்தவள் என்று குட்டையை அனுப்பினார்கள். அவள் போகும்போது பலகையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "அது இல்லத்துச் சொத்து சிஸ்டர், என்னைத்தான் வேண்டாம்னாங்க" என்று வைத்துவிட்டுப் போனாள்.

ஒப்பந்தக்காரர் ஒருவர் அவளுக்கு வேறு வேலை பிடித்துக்கொடுத்தார். எங்கே என்றால், அந்தக் குறைப்பைச் செய்த சட்டமன்றத்திலேயே. படிக்கட்டும் கழிப்பறையும் துடைக்கும் வேலை. ஒரு மதியம் எங்களைப் பார்க்க வந்து துணி அறையில் உட்கார்ந்து கதை சொன்னாள். காலையில் மன்றத்தில் எங்கள் இல்லத்தைப் போன்றவற்றுக்கு இன்னும் எதைக் குறைக்கலாம் என்று வெகுநேரம் பேசினார்களாம். எங்கள் தொகுதி உறுப்பினர் எழுந்து, நாடே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ வேண்டிய காலம் என்று குரல் தழுதழுக்கச் சொன்னாராம். சாப்பாட்டுக்குப் பிறகு உறுப்பினர்களின் சம்பள உயர்வு வந்தது.

"காலையில ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறினாங்க சிஸ்டர். சாப்பிட்டு வந்ததும் பார்க்கணுமே, கூடப் பிறந்தவங்க தோத்தாங்க. அத்தனை கையும் ஒண்ணா மேல போச்சு. நானும் இவளும் இத்தனை வருஷம் தூக்கியும் அப்படி ஒரே மூச்சுல தூக்கினதில்ல."

"ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையாடி?" என்றாள் நெட்டை.

"ஒருத்தர் எழுந்தார். நானும் துடைப்பத்தை வெச்சுட்டு ஆசையாக் கேட்டேன். இந்த உயர்வு பத்தாதுன்னார்."

நெட்டை சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

தனியாகப் புரட்டக் கூடாது என்பது என் சட்டம். ஆனால் புரட்டாமல் விட்டால் முதுகு புண்ணாகும். நெட்டை ஒரு வழி கண்டாள். எல்லாக் கட்டில்களையும் சுவரோடு ஒட்டித் தள்ளினாள். அவள் தள்ளினால் நோயாளி சுவரில் சாய்ந்துகொள்வார். சுவருக்கும் உடம்புக்கும் நடுவே தலையணை கொடுத்துவிட்டு அவள் கையை எடுப்பாள்.

"இப்ப இதுதான் சிஸ்டர் என் ஜோடி. லீவு கேட்காது, சம்பளம் கேட்காது. மெம்பருக்குத் தெரிஞ்சா எல்லா இடத்துலயும் சுவரையே வேலைக்கு வெச்சுடுவார்."

ஆனால் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு முறையும் "பிடி" என்பாள். பதிலுக்காக ஒரு நொடி நிற்பாள். அந்த நொடி வார்டில் எல்லோருக்கும் தெரியும். குட்டையின் பலகையும் தபால்காரர் கட்டிலின் கால்மாட்டிலேயே கிடந்தது. கூட்டுகிறவர் எடுத்து மூலையில் வைத்தால் மறுநாள் அது திரும்பி வந்துவிடும். நெட்டைதான் வைக்கிறாள் என்று நான் நினைத்தேன். கூட்டுகிறவர்தான் வைக்கிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் துணி அறைக்கு வந்து என் எதிரே நின்றாள்.

"சிஸ்டர், எனக்குக் காது சோதிக்கணும்."

"என்ன கேட்கலை?"

"கேட்குது. அதான் பிரச்சினை. நான் பிடின்னா, பிடிச்சாச்சுன்னு சத்தம் வருது. குட்டை குரல்."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. களைப்பில் உண்டு. இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்தால் காதும் கண்ணும் தானாகவே இன்னொருத்தியை உண்டாக்கிக்கொள்ளும். அவள் ரத்த அழுத்தம் பார்த்தேன், காதில் அழுக்கு பார்த்தேன், நன்றாகத் தூங்கச் சொன்னேன்.

"செத்தவங்கதானே சிஸ்டர் வரணும்? இவ உசிரோட இருந்துக்கிட்டே எப்படி வர்றா? நேத்துகூட எங்க வீட்டுக்கு வந்து வெங்காயம் வாங்கிட்டுப் போனா."

"போய் வேலையைப் பாரு."

போனாள். அன்றைக்கு நான் வார்டைச் சுற்றி வந்தபோது கடிகாரக்காரர் என்னைக் கூப்பிட்டார். கடிகாரம் பழுது பார்த்தே கண்ணைத் தொலைத்தவர். காது மட்டும் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

"சிஸ்டரம்மா, குட்டையம்மாவைத் திரும்ப எடுத்துட்டாங்களா? நல்லதாப் போச்சு."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? குரல் கேட்குதே."

நான் அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நெட்டையிடம் இதைச் சொல்லவில்லை.

மாதங்கள் போயின. குரல் வரும், கனத்தைச் சுவர் தாங்கும், அவள் கையை எடுப்பாள். குரலை நம்பி விட்ட ஒரு முறைகூடத் தவறவில்லை. உடம்பு எதை நம்பக் கற்றுக்கொள்கிறது என்று உடம்புக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் உறுப்பினர் வந்தார். குறைப்பால் சேவை குறையவில்லை என்று காட்டப் படம் எடுக்க வேண்டுமாம். கூட வந்தவர்களில் ஒருவர், சுவரோடு ஒட்டிய கட்டில்கள் சரக்குக் கிட்டங்கி மாதிரி இருப்பதாகச் சொல்லி, தபால்காரரின் கட்டிலை நடுவுக்கு இழுக்கச் சொன்னார். ஒரு ஆள் தனியாகப் பார்ப்பதால்தான் அப்படிப் போட்டிருக்கிறது என்றேன். "ரெண்டே நிமிஷம்மா" என்றார்.

நெட்டை வழக்கம்போல ஒரு பக்கம் நின்றாள். உறுப்பினர் எதிர்ப்பக்கம் போனார்.

"நானும் உதவறேன்மா. என்ன செய்யணும்?"

"துணியை நல்லாச் சுருட்டிப் பிடிங்க ஐயா. நான் பிடின்னு சொல்லுவேன். கனம் உங்க கைக்கு வந்ததும் பிடிச்சாச்சுன்னு சொல்லணும். நீங்க சொல்லாம நான் விடமாட்டேன்."

"பரீட்சை மாதிரி இருக்கே" என்று அவர் சொல்ல, கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் வாசலருகே நின்றிருந்தேன். நெட்டையின் கண் தபால்காரரின் முகத்தில் இருந்தது. "பிடி" என்றாள். புரட்டினாள். உறுப்பினர் அப்போது படம் எடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கை துணி மேல் சும்மா கிடந்தது, மறு கை தலைமுடியைச் சரி செய்துகொண்டிருந்தது. அவர் வாய் திறக்கவில்லை. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

நெட்டை கையை எடுத்தாள்.

தபால்காரர் விழுந்த சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. எதிர்ப்பக்கத் தரையில் கிடந்த குட்டையின் பலகை மேல்தான் இடுப்பு பட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பு எலும்பு முறிந்து, நெஞ்சில் சளி கட்டி, அங்கேயே இறந்துபோனார். கடைசியாக நான் பார்த்தபோதுகூட நெட்டையைக் கண்டதும் அந்த ஒரு கண்ணைச் சுருக்கினார்.

விசாரணை வந்தது. பணியாள் அவசரப்பட்டுக் கையை விட்டாள் என்று உறுப்பினர் தரப்பு சொன்னது. நெட்டையின் வேலை போகும், இனி எந்த இல்லத்திலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எடுத்த படத்தில் சத்தம் இல்லை. பாட்டுச் சேர்ப்பதற்காகச் சத்தத்தை எடுத்துவிட்டார்களாம்.

விசாரணைக்கு முன்னால் அவளைத் துணி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"அவர்தான் பிடிச்சாச்சுன்னு சொன்னார்னு சொல்லு. பிடிக்காமலே சொன்னார்னு சொல்லு. இல்லைன்னு யாராலயும் காட்ட முடியாது."

"அவர் சொல்லலையே சிஸ்டர்."

"காலையில அழுதுட்டு மத்தியானம் கை தூக்குற ஆளுங்க. அவங்களுக்காகவா உண்மை பேசப் போறே?"

"அவங்களுக்காக இல்ல. தபால்காரருக்காக. அவர் எப்படி விழுந்தார்னு பொய் சொன்னா, அவர் என்கிட்ட வந்து நிப்பார். ஏற்கெனவே ஒருத்தி நிக்கிறா. எனக்கு இடமில்ல."

வார்டுக்கே வந்து விசாரித்த அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தது அவர்கள்தான் என்று நான் சொன்னேன். பணி விதியில் சுவரைப் பற்றி எதுவும் இல்லை என்றார். இரண்டாவது ஆள் பற்றியும் இப்போது எதுவும் இல்லையே என்றேன். அவர் நெட்டையின் பக்கம் திரும்பினார்.

"நீங்க குரல் கேட்டுத்தான் விட்டீங்களா?"

"ஆமா."

"யார் குரல்?"

"குட்டை குரல்."

"அவங்க யாரு?"

"என் ஜோடி. எதிர்ப்பக்கம் நிக்கிறவ."

"அன்னிக்கு அவங்க வேலையில இருந்தாங்களா?"

"இல்ல. நீங்கதான் வேலையை விட்டு எடுத்துட்டீங்க."

அதிகாரி பேனாவை மூடினார். அந்த நேரம் பார்த்துக் கடிகாரக்காரர் படுக்கையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஐயா, எனக்கும் கேட்டுச்சு. குட்டையம்மாதான்." கண் தெரியாதவர், வயதானவர் என்று அதையும் விட்டுவிட்டார்கள். நெட்டையை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

மன்றத்தில் எங்கள் உறுப்பினர் தபால்காரருக்காக எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார். இல்லங்களில் மேற்பார்வை போதவில்லை என்றார். அதனால் உறுப்பினர்கள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. அப்படிப் போவதற்கு அவர்களுக்குத் தனிப் படி. அன்றும் எல்லாக் கையும் ஒன்றாக மேலே போனது என்று குட்டை சொன்னாள். வார்டுக்கு இரண்டாவது ஆள் மட்டும் வரவில்லை.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். நெட்டை இப்போது வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறாள். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். குட்டையும் வேலை முடிந்து வந்திருந்தாள். காய்ந்த படுக்கை விரிப்பை இருவரும் இரண்டு முனையில் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டை தன் முனையைக் கொண்டுவந்து குட்டையிடம் கொடுத்தாள்.

"பிடிச்சாச்சு, விடுடி" என்றாள் குட்டை.

நெட்டை விடவில்லை. விரல்கள் வெளுக்கும்வரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏண்டி, நான்தானே? இதோ கையைப் பாரு, பிடிச்சிருக்கேன்."

"தெரியுதுடி. அன்னிக்கும் நீதானே சொன்னே."

நான் எழுந்துபோய் நெட்டையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணியை எடுத்தேன். விறைத்துப்போன கையை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சுண்டுவிரலிலிருந்து தொடங்க வேண்டும்.