பேரன்ட்ஸ் மீட்டிங் முடிந்தால் அரிக்கும்

1

பாகூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தோல் ஓ.பி. நாளை நினைத்தாலே கலமைன் லோஷன் வாசனை வந்துவிடும். கரும்பு வெட்டிவிட்டு நேராக வந்தவர்கள், நடவு முடித்த சேற்றுக் காலோடு வந்தவர்கள் என்று வராந்தா முழுக்கச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கும் அரிக்கும். அந்த வராந்தாவை விட்டு வந்தது இன்றைக்கும் வருத்தம்தான்.

ஏழுமலை அண்ணன் அங்கே வந்தவர்தான். கரும்பு விவசாயி. காதுக்குப் பின்னால், நெற்றி ஓரம், பிடரி எல்லாம் தோல் தடித்து, சொறிந்த இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. கூடவே மனைவியும், நாலாம் வகுப்பு படிக்கும் மகள் யாழினியும்.

"கரப்பான் சிஸ்டர். கத்திரிக்கா வுட்டேன், கருவாடு வுட்டேன், நண்டும் வுட்டுட்டேன். இன்னும் இன்னாத்த வுடறது?"

"இவரு பத்தியத்துல எங்க வூட்ல மீன் கொழம்பே நின்னுபோச்சு" என்றார் மனைவி. நோயைவிட அதுதான் அவருக்குப் பெரிய குறை.

டாக்டரம்மா அவருடைய கன்னங்கரேல் என்ற தலையைப் பார்த்தார். "டை அடிக்கிறீங்களா?"

"இல்லீங்கம்மா. எங்க பரம்பரைக்கே நரைக்காது."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டீராய்டு ஆயின்மென்டும் அரிப்புக்கு மாத்திரையும் கொடுத்தோம். ஒரு வாரத்தில் புண் வாடியது. கொஞ்ச நாளில் பழையபடி வந்து நின்றார்.

2

அடுத்த முறையும் அப்படித்தான். மருந்து தடவிக்கொண்டிருந்தபோது யாழினி சொன்னாள்: "எங்க ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங் முடிஞ்சாதான் அப்பாவுக்கு அரிக்கும் சிஸ்டர்."

"உன் மார்க்கப் பாத்து அரிக்குதா?"

"நான் பர்ஸ்ட் ரேங்க்" என்று முறைத்தாள்.

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினேன். தாயையும் மகளையும் மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். "அண்ணே, மீட்டிங்குக்கு மொத நாளு தலைக்கு இன்னா போடறீங்க?"

அண்ணன் சாத்திய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "லேட்டா பொறந்த புள்ள சிஸ்டர். மொத மீட்டிங்ல ஒரு பையன், 'உங்க தாத்தா வந்துட்டாரு'ன்னான். புள்ள மொகம் சுண்டிப்போச்சு. அன்னிலருந்து டை அடிக்கறேன்."

"டாக்டரம்மா கேட்டப்ப சொல்லலியே?"

"புள்ள பக்கத்துல நிக்குதே."

டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன், அவர் பொறுமையாக விளக்கினார். டையிலுள்ள கெமிக்கல் ஒருவருக்கு ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு எப்போதுமே ஒத்துக்கொள்ளாது. அரிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் கிளம்பும், அதனால் யாரும் டையைச் சந்தேகப்பட மாட்டார்கள். பாவம், கத்திரிக்காய் பழி சுமக்கும். டையை விட்டால்தான் ஆயின்மென்ட் வேலை செய்யும் என்றார். அண்ணனும் தலையாட்டினார்.

ஆண்டு விழாவில் யாழினிக்குப் பரிசு. அதற்கு ஒரு நாள் முன்னால் மனிதர் வந்தார், இரண்டு கண்ணும் வீங்கி மூடியபடி. டையை விட்டுவிட்டுக் 'கறுப்பு மருதாணி' பாக்கெட் வாங்கித் தேய்த்திருக்கிறார்.

"மூலிகைன்னு போட்டிருந்தான் சிஸ்டர்."

"அசல் மருதாணி செவக்கும், கறுக்காது. கறுக்கணும்னா அதே கெமிக்கலத்தான் கலக்கறாங்க" என்றார் டாக்டரம்மா.

"அப்ப நான் இனிமே ஸ்கூல் பக்கமே போவல. அவங்கம்மா போவட்டும்."

யாழினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தோலுக்கு மருந்து இருந்தது, இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. விழாவுக்கு அவர் போகவும் இல்லை.

3

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அரிப்பு எங்கே என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் என்ன பூசினார், எதைத் தொட்டார் என்று கேளுங்கள். வீட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

அந்த விழா முடிந்து சில மாதம் கழித்து யாழினிக்குக் காய்ச்சல் என்று ஏழுமலை அண்ணன் அழைத்து வந்தார். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. பிடரித் தோல் சுத்தமாக ஆறியிருந்தது. சீட்டு எழுதும் புதுப் பெண்ணுக்கு இவர்களைத் தெரியாது.

"பாப்பா, தாத்தாவ இப்டி உக்காரச் சொல்லு."

அண்ணன் கை தன்னால் தலையை நோக்கி எழுந்தது.

"தாத்தா இல்ல, எங்க அப்பா" என்றாள் யாழினி. "வர்ற மீட்டிங்குக்கு இவருதான் வராரு. நான் டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

மேலே போன கை பாதியிலேயே இறங்கி, மகளின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தது.