நிறுத்தச் சொன்னவர்

எங்கள் ஆய்வகத்து மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ‘இருங்க’. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து யார் எவ்வளவு அவசரமாகப் போன் செய்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். தக்காளியைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பாராம். இவர் வந்தாலே கடைக்காரர் கும்பிடு போட்டுவிடுவார் என்று அவருடைய கணவரே சொல்லிச் சிரிப்பார். வெட்டியெடுத்த சதைத் துண்டை வைத்து ஸ்லைடு தயாரித்துக் கொடுப்பது என் வேலை, அதைப் பார்த்து என்ன நோய் என்று சொல்வது அவர் வேலை. அவர் பார்த்து முடிப்பதற்குள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நாட்கள் நிறைய.

அன்று தியேட்டரில் படுத்திருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மூளையின் இடப்பக்கம், பேச்சு பிறக்கிற இடத்தை ஒட்டி ஒரு கட்டி. ஸ்கேனைப் பார்த்தவர்கள் எல்லோரும் வழக்கமான மூளைப் புற்று என்றே சொல்லியிருந்தார்கள். அதுவானால் முடிந்த மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். பேச்சு போனாலும் போகலாம், உயிர் கொஞ்ச காலம் நீளும். அதற்கும் சம்மதித்துத்தான் படுத்திருந்தார். சர்ஜன் தலையைத் திறந்து, முதலில் ஒரு சின்னத் துண்டை எங்களுக்கு அனுப்பினார். நாங்கள் சொல்கிற பதிலை வைத்துத்தான் மேற்கொண்டு வெட்டுவதா என்பது முடிவாகும்.

துண்டை உறைய வைத்துச் சீவி, சாயம் போட்டு நீட்டினேன். மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். எதிர்ப்பக்கத்துக் குழலில் நானும் பார்த்தேன். கிளை விரித்த செல்கள் இருந்தன. வழக்கமான புற்றில் பார்க்கிற மாதிரிதான் தெரிந்தது. போன் அடித்தது. “இருங்க” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனிதர் அங்கே தலை திறந்து கிடக்கிறார்.

மேடத்தை உறுத்தியது அந்தச் செல்கள் அல்ல, அவற்றுக்கு நடுவே செத்துக் கிடந்த குப்பை. மூளையில் எந்தத் தொந்தரவு வந்தாலும் கிளை விரித்த செல்கள் கூடிவிடும். சண்டை நடந்த வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் கூடுகிற மாதிரி; அவர்களைப் பிடித்துக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்றார். வேறு இடத்திலிருந்து இன்னொரு துண்டு கேட்டார். சர்ஜன் போனில் காய்ச்சி எடுத்தார். ஆனாலும் அனுப்பினார்.

இரண்டாவது துண்டில் ஒரு ரத்தக் குழாயைச் சுற்றி மட்டும் கறுத்த உருண்டைச் செல்கள் வளையம் கட்டியிருந்தன. லிம்போமா. மூளையில் அபூர்வமாக வருகிற புற்று. வெட்டி எடுப்பதில் பெரிய பலன் இல்லை, மருந்துக்குத்தான் கரையும். ஆனால் இருந்தது ஒரே வளையம். அதை நம்பி நிறுத்தச் சொல்லி, தப்பாகிவிட்டால்? மேடம் மறுபடி குனிந்தார்.

“மத்த செல்லெல்லாம் எங்க போச்சு?” என்று தனக்குள்ளேயே கேட்டவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார். “அவர் வீட்டம்மா வெளியில இருப்பாங்க. ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரான்னு கேட்டுட்டு ஓடி வா.” ஸ்டீராய்டு பட்டால் லிம்போமா செல்கள் கொஞ்ச காலத்துக்குச் செத்து மறைந்து, குப்பைதான் மிஞ்சும். கேஸ் ஷீட்டில் அப்படி எந்த மாத்திரையும் இல்லை.

அந்த அம்மா முதலில் இல்லை என்றுதான் சொன்னார். அப்புறம் கைப்பையைத் துழாவி ஒரு காலி அட்டையை எடுத்தார். தலைவலிக்குத் தெருமுனை டாக்டர் கொடுத்ததாம்.

“இதப் போட்டதும் தலைவலி விட்டுப்போச்சு, பழைய மனுஷனா ஆயிட்டாரு. அதனாலதான் சொல்லத் தோணல. தப்பு பண்ணிட்டேனா?”

அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். ஸ்டீராய்டுதான். பதில் சொல்லக்கூட நிற்காமல் ஓடினேன்.

மேடம் அட்டையைப் பார்த்தார், போனை எடுத்தார். “லிம்போமா மாதிரி இருக்கு. நிறுத்திடுங்க.”

“மாதிரியா? தப்பா இருந்தா என்ன பண்றது?” என்றார் சர்ஜன்.

“தப்பா இருந்தா மறுபடி திறந்துக்கலாம். பேச்சு போச்சுன்னா திரும்ப வைக்க முடியாது.”

தலையை மூடுகிறேன் என்று சொல்லிச் சர்ஜன் போனை வைத்தார்.

உறுதி செய்கிற சாயப் பரிசோதனைக்குச் சில நாட்கள் ஆகும். கட்டியை எடுக்கவில்லை என்று கேட்டதும், கைவிட்டுவிட்டார்கள் என்று அந்த அம்மா வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். மேடம் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது. எனக்கும் பயம்தான். அந்த நாள் வந்ததும் சாயம் போட்ட ஸ்லைடை நீட்டினேன். உருண்டைச் செல்கள் அத்தனையும் பழுப்பாக நிறம் ஏறியிருந்தன. லிம்போமாவேதான். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார்.

“ஒருத்தருக்குப் புற்றுநோய்னு உறுதியானதுக்குச் சந்தோஷப்படறேன் பாரு” என்றார்.

எங்கள் வேலையில் நோயாளியைப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது. அன்று மேடம் வார்டுக்குக் கிளம்பினார், நானும் பின்னாலேயே போனேன். வாத்தியார் தலைக்கட்டோடு சாய்ந்திருந்தார். மேடம் யாரென்று அவருக்குத் தெரியாது. வார்டைப் பார்க்க வந்த அதிகாரி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டார். மெத்தை சரியில்லை, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை தாங்கவில்லை, டீ ஆறிப்போய் வருகிறது என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். பேச்சில் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. இவர் யார் தெரியுமா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்து, “அப்புறம்?” என்றார்.