ஒரு ஸ்பூன் ஈசோப்பு

நாற்றுப்பண்ணைக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். செடியை விற்றால் மட்டும் போதாது, அதன் குணத்தையும் சொல்லியாக வேண்டும். போன வாரம் பக்கத்துத் தெருத் தையல்காரியிடமும் அப்படித்தான் பேசினாள்.

"இது ஈசோப்பு. புதினாவுக்குச் சொந்தக்காரி. வெயில்ல வை, வேர்ல தண்ணி தேங்க விடாதே. நீலப் பூ பூத்தா தேனீ மொய்க்கும். இருமலுக்கு ரெண்டு இலையை வெந்நீர்ல போட்டுக் குடிக்கலாம்."

இன்று அவள் செடிகளுக்கு நுனி கிள்ளிக்கொண்டிருந்தபோது தையல்காரி போன் செய்தாள்.

"அக்கா, செடி வளர்ற வரைக்கும் யாரு காத்திருக்கிறது? கடையில ஈசோப்பு எண்ணெயே வாங்கிட்டேன். பாப்பாவோட இருமலுக்கு ஒரு ஸ்பூன் குடுக்கப் போறேன்."

"குடுக்காதே" என்பதற்குள் தையல்காரி போனை வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. அந்த எண்ணெய் உள்ளே போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். இலையைப் பற்றி அவ்வளவு பேசிய வாய், எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண் கையோடு ஓடினாள்.

கதவைத் திறந்த தையல்காரியின் கையில் ஸ்பூன் நிறைய எண்ணெய் இருந்தது.

"வாசனை பிடிக்கலைன்னு கட்டிலுக்கு அடியில புகுந்துட்டா அக்கா. இழுத்து இழுத்துப் பாக்குறேன், வரமாட்டேங்கிறா."

நாற்றுப்பண்ணைக்காரி ஸ்பூனைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். ஓடி வந்த மூச்சு வாங்க, கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

"உங்களுக்கும் குடுக்க வர்றாங்களா பெரியம்மா?" என்று கிசுகிசுத்துவிட்டு, பாப்பா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.