நானூறு கிராமுக்குள் ஒரு கூடாரம்

என் அக்கா கணவரைக் கண்டால் எனக்கு ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அவர்கள் யாரும் அவரோடு குடித்தனம் நடத்தவில்லை.

பார்சல் ஆபீசில் எடை போடுகிற வேலை அவருக்கு. அங்கே எல்லாருக்கும் அவர் 'கிராம்'. பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்வார், மெஷினும் அதையே சொல்லும். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க ஆடினார்.

அக்கா ஒரு யூனிஃபார்ம் கம்பெனியில் காலர் தைக்கிறவள். பகலெல்லாம் டியூப் லைட்டுக்குக் கீழே. வீட்டுக்கு வந்தால் இரண்டே அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கல்யாணமானதிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஒரு ராத்திரி, எங்கேயாவது ஏரிக்கரையில், தலைக்கு மேலே கூரை இல்லாமல் படுக்க வேண்டும்.

"அதுக்கென்ன, போயிட்டா போச்சு. கூடாரம் நாமளே தைச்சுக்கலாம். கொசு வராத, காத்து வர்ற, லேசான வலைத்துணியா மட்டும் பாக்கணும். மொத்தக் கூடாரமும் நானூறு கிராமுக்குள்ள அடங்கணும்" என்றார் மாமா. அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில் கவுனுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற நெட் வாங்கி வந்தார். காற்றாக இருந்தது, அக்காவின் வளையல் பட்டதும் கிழிந்தது. அடுத்த வருஷம் கட்டில் கொசுவலை. நூல் துணி, நனைந்தால் கழுதைச் சுமை. அதற்கடுத்த வருஷம் பொடிப்பூச்சிகூட நுழைய முடியாத வெள்ளை நைலான். விளக்கு வெளிச்சத்தில் வெளியே ஒன்றுமே தெரியவில்லை. "அவ்வளவு தூரம் போய் வெள்ளைத் துணியைப் பாத்துக்கிட்டுப் படுக்கவா?" என்று அக்கா கேட்டாள். மாமா அந்தப் பேச்சைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். கறுப்பு வலைதான் வேண்டும் என்று மறுபடியும் கடை கடையாக அலைந்தார்.

சோதனை என்று ஒன்று வைத்திருந்தார். அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, அங்கே வலைத்துண்டை ஒட்டி, விளக்கு வைக்கிற நேரத்தில் பின்பக்கச் சாக்கடை ஓரத்தில் வைப்பார். உள்ளே கையை விட்டுக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார வேண்டும். அவருடைய கையில் கொசு உட்காராதாம். அதனால் அக்காவின் கை. ஒருநாள் நான் போனபோது முழங்கை வரை தடித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன்.

"எதுக்குடி இதெல்லாம்? ஒரு பாயை எடுத்துக்கிட்டுப் போயிட்டு வாங்களேன்."

"இருடி. அவரும் எனக்காகத்தானே பாக்கறாரு" என்றாள்.

ஆறாவது வருஷம் வலை முடிவானது. கறுப்பு நைலான், புகை மாதிரி இருந்தது. எனக்கே பிடித்துவிட்டது. மாமா ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டு வெட்டிக் கொடுத்தார். அக்கா ஞாயிற்றுக்கிழமை தைக்க உட்கார்ந்தாள். வலை மெஷினில் வழுக்கும் என்பதால் அடியில் செய்தித்தாள் கீற்று வைத்துத் தைத்தாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டுகூட முணுமுணுத்தாள். அடிப்பாகத்தை எடுத்து விரித்தவள் பாட்டை நிறுத்தினாள். டேப் வைத்து அளந்தாள். திருப்பிப் போட்டு அளந்தாள்.

"என்னங்க, அளவு தப்பா வெட்டிட்டீங்க. அகலம் ரெண்டரை அடிதான் இருக்கு."

"தப்பில்லம்மா" என்று சந்தோஷமாக வந்தார் மாமா. "ரெண்டு பேருக்குன்னா அறுநூத்தி நாப்பது கிராம் வருது. ஜிப்பை எடுத்தேன், உயரத்தைக் குறைச்சேன், ஒண்ணும் நடக்கல. ஒரு ஆள் அகலத்துக்குக் கொண்டுவந்தேன் பாரு, முன்னூத்தி எண்பது! நானூறுக்குள்ள!"

"அப்ப நான் எங்கங்க படுக்கிறது?"

மாமா டேப்பை வாங்கி அகலத்தைப் பார்த்தார். "அட, அதை யோசிக்கலையே" என்றார்.

வேண்டுமென்றே செய்திருந்தால் நான் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். உண்மையாகவே யோசிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மிச்சத்தைத் தைத்தாள். நூலை வெட்டி, காகிதக் கீற்றைக் கிழித்தெடுத்து, மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாமா தனியாக ஏரிக்குப் போனார். மறுநாள் காலையில் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தார்.

"ஒரு கடி இல்ல! அடுத்தது உனக்குத்தான். இதைவிட லேசா ஒரு வலை வந்திருக்காம், பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"எனக்கு வேண்டாங்க" என்றாள் அக்கா. "உங்ககூட எங்கேயும் போகணும்ங்கற ஆசையே எனக்கு விட்டுப்போச்சு."

மாமா மடித்த கூடாரத்தை ஒரு கையில் தூக்கிப் பார்த்தார்.

"சரி, கொஞ்சம் கனமா இருந்தாலும் பரவால்ல. உனக்குப் பாலியஸ்டர்லயே பாத்துடலாம்" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் எடையில் விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான்.